கடன் அவளின் பேரில், நெல்லுக் காசு அவரின் கையில்

வன்னியில் கடனைப் பற்றிப் பேச்சு எழும்பினால் ஒரு கதை கட்டாயம் வரும். "பொம்பிளையள் கண்டபடி லோன் எடுத்துப்போட்டு இப்ப ஒளிச்சுத் திரியினம்." பிரதேச செயலகத்துக் கூட்டங்களிலும் சொல்வார்கள், கோயில் அன்னதானப் பந்தலிலும் சொல்வார்கள், கனடாவில் இருந்து மூன்று கிழமை லீவில் வந்து நிற்கிற மச்சானும் சொல்வார். கேட்கிற நேரமெல்லாம் எனக்கு உடன்பட முடியாமல் இருக்கும். பொய் என்று தள்ளவும் முடியாது, ஏனென்றால் கடன் புத்தகத்தில் இருப்பது பெண்ணின் பெயர்தான். ஆனால் அந்தக் காசு எங்கே போனது என்று ஒருக்கால் பின்னால் போய்ப் பாருங்கள். வீட்டுச் சுவருக்குப் பூச்சு, லாண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்குக் கட்டின முற்பணம், யூரியா, மூத்தவளின் ஏ.எல். ரியூசன், மாமனாரின் செத்தவீடு. எல்லாம் வீட்டுச் செலவு. பெயர் மட்டும் அவளுடையது. நாலைந்து பெண்கள் ஒருவருக்கு ஒருவர் பிணை நின்று கிழமைக்குக் கிழமை கட்டுகிற குழுக்கடனைப் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் கொடுத்தார்கள் என்பதும், பல இடங்களில் அந்தப் படிவத்தில் கணவனின் கையொப்பத்தையும் வாங்கினார்கள் என்பதும் அந்த மச்சானுக்குத் தெரியாது. "எனக்குத் தெரியாமல் எடுத்திட்டாள்" என்று சொல்கிற மனுசன்மார் சிலரின் கையெழுத்தே அந்தப் படிவத்தில் கிடக்கிறது.

போர் முடிந்து மீள்குடியேறின காலத்துக் கடன்களில் பலவற்றுக்கு வீடுதான் அடி. இந்திய வீட்டுத்திட்டத்தில் அப்போது ஒரு வீட்டுக்குத் தந்தது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, அதுவும் கட்டம் கட்டமாக. அத்திவாரம் முடிந்தால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் இன்னொரு பகுதி. கட்டத்தை முடிக்காமல் அடுத்த காசு வரவில்லை. சீமெந்தும் மணலும் விலை ஏற ஏற, கட்டத்தை முடிக்கவே கடன் எடுக்க வேண்டி வந்தது. வீடு நிற்கிறது, கடன் உருமாறி உருமாறி இன்றைக்கும் நிற்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு வருவது: ஒரே அடுப்பில் சாப்பிடுகிற இரண்டு பேர், இரண்டு தனிக் கணக்கில் கடன்பட்டு, மற்றவரின் கணக்கின் முழுத்தொகை தெரியாமல் வருடக்கணக்காக இருப்பது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் கொடுக்கிற எந்தப் புத்திமதியும், "செலவைக் குறையுங்கோ" என்பது உட்பட, வேலை செய்யாது.

கிழமைக் காசும் போகக் காசும்

வன்னியில் காசு வருகிற முறை வேறு, கடன் கேட்கிற முறை வேறு. காலபோகம் ஐப்பசியில் விதைத்தால் மாசி, பங்குனியில்தான் கையில் காசு. சிறுபோகம் எல்லோருக்கும் கிடையாது. இரணைமடுக் குளத்திலோ வவுனிக்குளத்திலோ முத்தையன்கட்டுக் குளத்திலோ தண்ணீர் எவ்வளவு நிற்கிறதோ அந்த அளவுக்குப் பங்கு பிரிப்பார்கள், சில வருடம் கால் பங்குதான். மழையை நம்பின மானாவாரிக்காரருக்கு அதுவும் இல்லை. ஆனால் தவணை வாங்க வருகிற கம்பனிப் பெடியன் செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமை வந்து நிற்பான். வருடத்தில் இரண்டு தரம் வருகிற காசை வைத்து 52 தரம் கட்ட வேண்டும். இடையில் வருகிற ஐம்பது கிழமையையும் எதைக் கொண்டு நிரப்புவது? இன்னொரு கடனைக் கொண்டுதான்.

வட்டிக் கணக்கைக் கொஞ்சம் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். 50 ஆயிரம் ரூபா குழுக்கடன், கிழமைக்கு 1,300, 52 கிழமை என்று வையுங்கள். மொத்தம் கட்டுவது 67,600. வட்டி 17,600, அதாவது நூற்றுக்கு 35 என்று சொல்லித் தருவார்கள். ஆனால் அந்த 50 ஆயிரம் வருடம் முழுக்க உங்கள் கையில் இருக்கவில்லை. முதல் கிழமையே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள், ஆறாம் மாதத்தில் அரைவாசிக்குமேல் உங்களிடம் இல்லை. குறைந்து போகிற மீதிக்கு வட்டி பார்த்தால் வருடத்துக்கு 63 வீதம் வரும். பத்திரச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே 2,000 கழித்துக்கொண்டு 48 ஆயிரத்தைக் கையில் தந்தால் அது 72 வீதத்துக்குக் கிட்டப் போகும். நாள் காசு இன்னும் மோசம். 9,000 தந்து நாளுக்கு 200 வீதம் 60 நாள் வாங்குவார்கள். 3,000 தானே வட்டி என்று தோன்றும். உண்மையில் மீதிக்கு நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று, வருடத்துக்கு 365 வீதம். தனியாளிடம் "நூற்றுக்கு அஞ்சு" என்றால் மாதத்துக்கு ஐந்து, வருடத்துக்கு அறுபது, முதல்தொகை அப்படியே கிடக்கும்.

2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தது. மூன்று மாதத்துக்குமேல் கட்டாமல் நின்றவர்களுக்குத்தான் அது. காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்து, கிழமை தவறாமல் கட்டினவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதே வருடம் நுண்நிதி நிறுவனங்களின் வட்டிக்கு 35 வீதம் என்று உச்சமும் வைத்தார்கள். அதற்குப் பிறகும் அனுமதிப்பத்திரம் எடுக்காமல் காசு கொடுக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்பது விசுவமடுவில் இருந்து மல்லாவி வரை எல்லோருக்கும் தெரியும்.

பாயில் பரப்புகிற இரவு

எல்லாம் திரும்புகிற இடம் ஒன்றுதான். இருவரும் இருந்து, இருக்கிற கடன் அத்தனையையும் ஒரு பாயில் பரப்புகிற அந்த ஒரு இரவு. இதைச் செய்யாதவர்கள் பத்து வருடம் கட்டியும் முடிக்கமாட்டார்கள் என்றே சொல்வேன். செய்வது லேசில்லை, அதனால் எப்படிச் செய்வது என்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாளைத் தெரிவதில் கவனம் வேண்டும். கிழமைக் கூட்டத்துக்கு முதல்நாள் வேண்டாம், அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும். அவர் குடித்துவிட்டு வந்த இரவு கட்டாயம் வேண்டாம். பிள்ளைகள் படுத்த பிறகு, மாமி பக்கத்து அறையில் முழித்திருக்காத நேரம் பார்த்து இருங்கள். ஒரு சி.ஆர். கொப்பி, ஒரு பேனை, கல்குலேற்றர் உள்ள போன். பரப்ப வேண்டியவை: குழுக்கடன் புத்தகங்கள், அடகுச் சீட்டுகள், லீசிங் ஒப்பந்தம், உரக்கடைத் துண்டு, கடைக் கொப்பி, சீட்டுக் காசின் கொப்பி. பிறகு துண்டே இல்லாதவை: அண்ணன் பிரான்சில் இருந்து கிணறு கட்ட அனுப்பி, கிணறு கட்டாமல் செலவான காசு, தங்கச்சியிடம் இரவல் வாங்கி அடகுக்குப் போன சங்கிலி, கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குப் போட்ட பிணைக் கையெழுத்து. பிணையும் கடன்தான், கொப்பியில் எழுதுங்கள். வங்கி, நிதிக்கம்பனிக் கடன்களில் சந்தேகம் இருந்தால் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை, அதுதான் கிறிப் ரிப்போட், அடையாள அட்டை கொண்டு எடுக்கலாம். பிணை நின்ற கணக்கும் அதில் தெரியும். வட்டிக்காரனும் கடைக் கொப்பியும் தெரியாது.

யார் முதலில் சொல்வது? மனுசன்தான் தொடங்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம். அவளின் கடன் ஏற்கெனவே அம்பலம்: கிழமைக்கு ஒருக்கால் நாலு பெண்களுக்கு முன்னால் பெயர் கூப்பிட்டு வாங்குகிறார்கள். அவரின் கடன் வாய்ப்பேச்சில் நடப்பது. உரக்கடையில் "வெட்டினாப் பிறகு தாறன்", சந்தியில் ஒருவரிடம் நூற்றுக்கு ஐந்து. எழுத்தில் இல்லாததால் அது கடன் மாதிரியே அவருக்குத் தோன்றுவதில்லை. அவர் தன்னுடையதைக் கொட்டிவிட்டால் அவளும் சொல்லுவாள். அவளை முதலில் கேட்டால் விசாரணை ஆகிவிடும், பாதியைத்தான் சொல்லுவாள்.

கணக்குக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கண்டாவளைப் பக்கம், இரண்டரை ஏக்கர் வயல், இரண்டு பால்மாடு, லீசிங்கில் ஒரு லாண்ட்மாஸ்டர், இரண்டு பிள்ளைகள். கொப்பியில் விழுவது இப்படி. ஒரு குழுக்கடனில் 30 கிழமைக்கு 1,300 வீதம் 39,000. இன்னொன்றில் 40 கிழமைக்கு 2,100 வீதம் 84,000. நாள் காசில் இன்னும் 35 நாள், 7,000. கடைக் கொப்பி 12,000. அடகில் 300,000, அதில் அவளின் காப்புக்கு 2 இலட்சம், தங்கச்சியின் சங்கிலிக்கு 1 இலட்சம். லீசிங் 14 மாதத்துக்கு 18,500 வீதம் 259,000. வட்டிக்காரனிடம் முதல் 100,000. உரக்கடை 65,000. கூட்டினால் 866,000.

இப்போது யாருக்கு எது தெரியும் என்று பாருங்கள். அவளுக்கு வட்டிக்காரனின் இலட்சமும் உரக்கடையும் தெரியாது; அவளின் மனக்கணக்கில் கடன் 701,000. அவருக்கு இரண்டாவது குழுக்கடனும் நாள் காசும் கடைக் கொப்பியும் தெரியாது. அவரின் மனக்கணக்கு 763,000. இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் தனக்குத் தெரிந்த கணக்கை வைத்து "இந்த முறை வெட்டினால் கொஞ்சம் மூச்சு விடலாம்" என்று ஒரு ரீ.வி. வாங்குவார். அவள் தனக்குத் தெரிந்த கணக்கை வைத்து நாள் காசு எடுத்தாவது கிழமையைச் சமாளிப்பாள். மறைந்து கிடக்கிற ஒவ்வொரு கடனும் மற்றவரைப் பிழையான முடிவுக்குத் தள்ளுகிறது.

கொப்பியில் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி: யாருக்கு, யாரின் பேரில், இன்றைய மீதி, தவணை, எந்த நாள், வட்டி, யார் பிணை, என்ன ஈடு. அன்றிரவு "ஏன் எடுத்தனி" என்ற கேள்விக்கு இடமில்லை. அதைக் கேட்க இன்னும் எத்தனையோ இரவு கிடக்கு. சண்டை வந்தால் கொப்பியை மூடிவிட்டு அடுத்த நாள் விட்ட இடத்தில் தொடங்குங்கள். கை நீட்டுகிற மனுசனோடு இந்த இரவு சரிவராது. அங்கே அவள் முதலில் பிரதேச செயலகத்தில் இருக்கிற பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போக வேண்டும், பெண்கள் உதவி இலக்கமான 1938க்கும் எடுக்கலாம். கடன் யோசனையில் சாவைப் பற்றி நினைப்பு வருகிறவர்கள், ஆணோ பெண்ணோ, மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள், இரவிலும் பேசலாம். வன்னியில் இதை வெறும் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

எதை முதலில் அடைப்பது

அந்த வீட்டின் மாத வெளிப்போக்கு: இரண்டு குழுக்கடனுக்கும் கிழமைக்கு 3,400, மாதத்துக்கு 14,733. நாள் காசு 6,000. வட்டி 5,000. லீசிங் 18,500. மொத்தம் 44,233. வரவு, பாலில் 18 ஆயிரமும் டீசல் கழித்து மெசின் கூலியில் சராசரி 30 ஆயிரமும் என்றால் 48 ஆயிரம். சாப்பாட்டுக்கு மிஞ்சுவது நாலாயிரமும் இல்லை. சராசரி என்பதும் ஒரு ஏமாற்று. உழவு நேரம் புரட்டாசி, ஐப்பசியில் மெசின் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனியில் தகரத்துக்குக் கீழே நிற்கும். ஆகவே மாதம் மாதமாகப் பன்னிரண்டு வரி எழுதிப் பாருங்கள். எந்த மாதம் பள்ளம் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அந்த மாதத்துத் தவணையைப் பற்றி முன்கூட்டியே பேசலாம்.

வாசலில் நின்று கத்துகிறவனுக்கு முதலில் கட்டுவதுதான் எங்கள் வழக்கம். கத்துகிற சத்தத்துக்கும் வட்டி வீதத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வட்டி கூடினதை முதலில் அடை என்று படித்தவர்கள் சொல்வார்கள், அதுவும் முழுச்சரியில்லை. குழுக்கடனிலும் நாள் காசிலும் வட்டி முழுவதும் முதலிலேயே கூட்டித் தவணையில் ஏற்றப்பட்டுவிட்டது. முந்தி முடித்தாலும் அவர்கள் வட்டி கழிக்காவிட்டால் உங்களுக்கு ஒரு சதமும் மிச்சமில்லை. எனவே ஒவ்வோர் இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இது: "இண்டைக்கே முழுக்கக் கட்டி முடிச்சா எவ்வளவு?" 39,000 மீதிக்கு 33,000 என்றால் யோசிக்கலாம். 39,000 என்றே சொன்னால் அவசரப்பட வேண்டாம், கிழமைக் கணக்கிலேயே போகட்டும். நூற்றுக்கு ஐந்து வட்டிக்காரனிடம் நிலைமை வேறு. அங்கே முதல்தொகையில் பத்தாயிரம் குறைத்தால் அடுத்த மாதமே 500 வட்டி குறையும். கையில் வருகிற உதிரிக் காசு முதலில் போக வேண்டிய இடம் அதுதான். முதல்தொகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கமாட்டேன், முழுவதும் ஒன்றாகத் தந்தால்தான் வாங்குவேன் என்று சிலர் நிற்பார்கள். அப்படியானால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அல்லது சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம். வட்டி முதல்தொகையை மிஞ்சக்கூடாது என்று வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே இருக்கிறது. வருடக்கணக்காக வட்டி கட்டினவர்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

ஈடாகக் கொடுத்தது காணிப் பெர்மிட் என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியைத் தனியாள் ஒருவர் கடனுக்கு எழுதி வாங்க முடியாது. பெர்மிட்டை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தால் காணி அவருடையது ஆகிவிடாது. உறுதிக்காணி என்றால் வேறு. அதை ஈடு வைக்க, விற்க, மணமான பெண்ணுக்குத் தேசவழமையின் கீழ் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அப்படி வைத்திருக்கிறது. அது நியாயமா என்ற வாதம் தனி. நடைமுறையில், அவளின் சீதனக் காணி ஈட்டுக்குப் போகிறது என்றால் அங்கேயும் இரண்டு கையெழுத்து இருக்கிறது என்று பொருள்.

காப்பும் சங்கிலியும்

நகையைப் பற்றிப் பேசினால் எல்லோருக்கும் மனம் கனக்கும். முள்ளிவாய்க்காலில் போனது போக, பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்தது. இருந்தாலும் கணக்கைச் சொல்ல வேண்டும். அடகு வட்டி வருடத்துக்கு 15 வீதம் என்று வைத்தால், 2 இலட்சத்துக்கு வைத்த காப்பை மூன்று வருடம் மீட்காமல் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்தவர் 90 ஆயிரம் கட்டியிருப்பார், காப்பு இன்னும் வங்கியில்தான். பவுண் விலை ஏறும்போது வேறொரு பொறி திறக்கும். புதுப்பிக்கப் போகிற அன்று "இப்ப இதுக்குக் கூட எடுக்கலாம், எடுக்கிறீங்களா" என்று கேட்பார்கள். எடுத்தால் வட்டியும் கட்டி முடிந்த மாதிரி, கையிலும் காசு வந்த மாதிரி இருக்கும். அடகின் முதல் ஏறிவிடும். பிறகு மீட்பது எட்டாத காரியம்.

வங்கி எப்போதும் சந்தைப் பெறுமதிக்குக் குறைவாகத்தான் கொடுக்கும். சந்தையில் 3 இலட்சம் பெறுகிற காப்புக்கு 2 இலட்சம் தந்திருந்தால் மிச்ச ஒரு இலட்சம் உங்கள் காசு, அங்கே பூட்டிக் கிடக்கிறது. மீட்டு விற்றால், ஒரு வருட வட்டி 30 ஆயிரம் போக 70 ஆயிரம் கையில் மிஞ்சும். அதை வட்டிக்காரனிடம் கொடுத்தால் முதல் 30 ஆயிரமாகிவிடும், மாத வட்டி 5,000இல் இருந்து 1,500க்கு வரும். மீட்கக் காசு இல்லாதவர்களுக்காக நகைக்கடைக்காரர் கூடவே வங்கிக்கு வந்து கட்டி மீட்பதும் நடக்கிறது. அப்படியானால் அன்றைய 22 கரட் பவுண் விலையைக் காலையிலேயே இரண்டு கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் எழுதின நிறையைப் படம் எடுத்து வையுங்கள். வேறு இடத்துக்குக் கொண்டுபோய் நிறுக்கவிட வேண்டாம். தங்கச்சியின் சங்கிலியை விற்கிற யோசனைக்கே போக வேண்டாம், அது உங்களுடையதில்லை. ஏலத்துக்குப் போகாமல் பார்க்க அதன் முடிவுத் திகதியைச் சுவர்க் கலண்டரில் சிவப்பால் வட்டமிடுங்கள். அதை மீட்கப் பகுதி பகுதியாகவும் கட்டலாமா என்று வங்கியில் கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள்.

விற்பதை விட அடகே மேல் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். பவுண் விலை ஏறின வருடங்களில் அவர்கள் சொன்னது சரியாகவும் இருந்திருக்கிறது. அவர்கள் வட்டியைக் கட்டிப் பாதுகாத்தார்களா, இல்லை விட்டு ஏலத்தில் இழந்தார்களா என்று மட்டும் கேட்பேன்.

மெசினும் குழுவும்

லீசிங் மெசின் உழைக்கிறதா என்று பாருங்கள். டீசலும் ஒயிலும் தேய்மானமும் போகத் தவணைக்குமேல் உழைத்தால் அதை எப்படியும் காப்பாற்ற வேண்டும், ஏனென்றால் மற்றக் கடனைக் கட்டுவதே அதுதான். தவணைக்குக் கீழே உழைத்தால் நீங்கள் அந்த மெசினுக்கு வேலைக்கு நிற்கிறீர்கள். அப்படியானதைச் சீஸ் பண்ண வருமட்டும் வைத்திருப்பதுதான் மிகப் பெரிய நட்டம். தூக்கிக்கொண்டு போனால் தூக்கின கூலி, நிறுத்தி வைத்த கூலி, தாமத வட்டி எல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். ஏலத்தில் குறைந்த விலைக்குப் போகும், பிறகும் மீதி இருக்கிறது என்று பிணை நின்ற அண்ணனுக்குக் கடிதம் போகும். இரண்டு தவணை நிற்பதற்கு முன்பே கிளை முகாமையாளரிடம் போய், வாங்குகிற ஆளை நாங்களே கொண்டு வருகிறோம் என்று சொன்னால் பல இடங்களில் இணங்குவார்கள்.

குழுக்கடனில் கட்ட முடியாத கிழமை வரும் என்று தெரிந்தால் முதலில் பேச வேண்டியது பெடியனிடம் அல்ல, மற்ற நாலு பெண்களிடம். நீங்கள் கட்டாததை அவர்கள்தான் கட்ட வேண்டும். "அம்மா வீட்டில இல்லையாம்" என்று பிள்ளையைக் கொண்டு சொல்லிவிட்டுப் பின்வளவில் ஒளிப்பதால் அவர்களின் சினேகிதமும் போகும், பிள்ளையும் பொய் பழகும். பிறகு எழுத்தில் ஒரு கடிதம். கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், இன்றைய மீதி, மாத வரவு, எவ்வளவு கட்ட முடியும், எந்தத் திகதியில் இருந்து, அறுவடை எப்போது. கிழமைத் தவணையை மாதத் தவணையாக்கும்படியோ காலத்தை நீட்டும்படியோ கேளுங்கள். நீட்டினால் கூட வட்டி எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கிளையில் ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், தராவிட்டால் பதிவுத் தபால். வீட்டுக்கு வருகிறவர் "நான் சொல்லிக்கொள்ளுறன் அக்கா" என்பதில் ஒன்றும் இல்லை, அவர் அடுத்த மாதம் வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார். புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைக்காமல் ஒரு ரூபாவும் கொடுக்கக் கூடாது. இரவில் வந்து இருந்துகொண்டு எழும்பமாட்டேன் என்பது, தூசணம் பேசுவது எல்லாம் முறைப்பாட்டுக்குரியவை. பதிவுள்ள நிதி நிறுவனம் என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுக்கலாம், கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. பதிவில்லாதவர் என்றால் பொலிஸ்.

அந்த வீட்டில் புதுக்கடன் ஒன்றும் எடுக்காமல் இருந்தால் என்ன நடக்கும்? 35 நாளில் நாள் காசு முடியும். 30ஆம் கிழமையில் ஒரு குழுக்கடன், 40ஆம் கிழமையில் மற்றது. இடையில் ஒரு அறுவடையில் வட்டிக்காரனின் மீதியும் தீர்ந்தால் 44,233 ஆக இருந்த மாத வெளிப்போக்கு 18,500க்கு இறங்கும். இந்தப் பத்து மாதமும் இறுக்கமாகத்தான் போகும், சில மாதம் பாலும் சோறும்தான். இறுக்கம் கூடின இருபத்தைந்தாம் கிழமையளவில் பெடியன் வந்து சொல்லுவான்: "அக்கா, நீங்கள் ஒழுங்காக் கட்டிறனீங்கள், புதுசா ஒரு லட்சம் போடலாம். பழசைக் கழிச்சுக்கொண்டு மிச்சத்தைக் கையில தாறம்." அந்த நேரத்தில் "அவரைக் கேட்டுச் சொல்லுறன் தம்பி" என்பதற்குள் ஒரு நாள் அவகாசம் இருக்கிறது. கொப்பியைப் பார்த்தால் போதும், வேண்டாம் என்று இருவருக்கும் தெரிந்துவிடும்.

ஒரு வீட்டுக் காசு

பாயில் பரப்பினதற்குப் பிறகு காசு எப்படிப் புழங்குவது என்பதிலும் பல வீடு சறுக்கும். காசு முழுவதையும் ஒருவர் கையில் கொடுப்பது நல்லதில்லை. அவர் கையில் இருந்தால் அவள் சீனிக்கும் கேட்டு நிற்க வேண்டும். அவள் கையில் இருந்தால் "காசு அவளிட்டத்தான், அவளையே கேளுங்கோ" என்று கடன்காரர் எல்லோரையும் அவளிடம் அனுப்பிவிட்டு அவர் சந்திக்குப் போய்விடுவார். இருவர் பேரிலும் ஒரு வங்கிக் கணக்கு, இருவரும் கையெழுத்து வைத்தால்தான் எடுக்கலாம் என்று. அதற்குள் போகக் காசு. பால் காசு அவளிடம், சமையலுக்கும் கிழமைத் தவணைக்கும். மெசின் காசு அவரிடம், லீசிங்குக்கும் டீசலுக்கும். இருவருக்கும் மாதம் ஒரு சிறு தொகை, ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ, கேள்வி கணக்கு இல்லாமல். இது ஆடம்பரமில்லை. அவள் தங்கச்சியின் பிள்ளைக்குச் சட்டை வாங்கவும் அவர் ஒரு பிளேன்ரீ குடிக்கவும் ஒளிக்கத் தேவையில்லாமல் இருந்தால், பெரிதாக ஒளிக்கிற பழக்கமும் குறையும். கிழமைக்கு ஒருக்கால் பத்து நிமிசம் கொப்பியைத் திறந்து இருவரும் பார்த்து மூடுங்கள், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் ஆபத்தான நாள் நெல் வித்த நாள். கையில் மொத்தமாகக் காசு கிடக்க, உரக்கடைக்காரர், வட்டிக்காரர், கோயில் சபை, மச்சினனின் கலியாணம் எல்லாம் ஒரே நாளில் வந்து சேரும். அதனால் வெட்டுக்கு முதலே பங்கு எழுதி வைக்க வேண்டும். சாப்பாட்டுக்கான நெல்லை முதலில் வீட்டுக்கு ஏற்றுங்கள், அதை விற்கிற கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி எல்லாம் போக 220,000 மிஞ்சுகிறது என்றால் உரக்கடை 65,000, வட்டிக்காரனின் மீதி 30,000, அடுத்த போகத்து விதைநெல்லுக்கும் உரத்துக்கும் 60,000, தங்கச்சியின் சங்கிலிக்கு 65,000. அந்த 60,000ஐத் தொடக்கூடாது. மற்றவர்கள் கோபித்தாலும் தொடக்கூடாது. உரக்கடையில் ஒரு அந்தர் உரத்துக்குக் காசு விலை என்ன, வெட்டினாப் பிறகு கொடுக்கிற விலை என்ன என்று இரண்டையும் கேட்டுப் பாருங்கள். கடனுக்கு வாங்கினால் விலை கூட, நெல்லையும் அவர் சொல்கிற விலைக்கே கொடு என்று சில இடங்களில் கேட்பார்கள். ஐப்பசியில் காசைக் கையில் கொண்டுபோய் நிற்கிறவருக்கு அந்த இரண்டுமில்லை.